பதினொரு டன் சக்கை

இலுப்பூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே காபிக்கடை வைத்திருந்த ஆரோக்கியம்மாள் பதினேழு வருஷமாக ஒரு குற்றத்தைச் செய்துகொண்டிருந்தாள். அது குற்றம் என்று அவளுக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. அந்தக் குற்றத்துக்கான விதியே அப்போது எழுதப்படவில்லை.

செய்தது இவ்வளவுதான். டிகாஷன் இறக்கி முடித்த காபிச் சக்கையை அவள் குப்பையில் கொட்டமாட்டாள். கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கூரைமேல் சாக்கை விரித்து, அதில் பரப்பிவிடுவாள். புதுக்கோட்டைப் பக்கத்து வெயிலுக்கு ரெண்டே நாளில் பொரபொரவென்று காய்ந்துவிடும். மூன்று படி மரத்தூளுக்கு ஒரு படி சக்கை என்று கலந்து, மரத்தூள் அடுப்பில் இறுக்கி அடைத்துப் பற்றவைத்தால் மத்தியானம் வரை நின்று எரியும். பால் காய்வதும் வெந்நீர் கொதிப்பதும் அதில்தான். காபியில் பிறந்த நெருப்பிலேயே காபி போடுவதால்தான் அந்தக் கடைக் காபிக்கு அப்படியொரு மணம் என்று ராக்கன் சொல்லுவார். ராக்கன் நெல் மூட்டை ஏற்றி இறக்கும் சுமைக்காரர், வயது அறுபது, நாளைக்கு நாலு காபி.

பொங்கல் முடிந்த கையோடு புதுக்கோட்டையில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். பெயர், மாவட்டப் பயன்படுத்தப்பட்ட காபித்தூள் உயிரி எரிபொருள் மேம்பாட்டு முகமை. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாக இருந்ததால் 'மேம்பாட்டு முகமை' என்ற பகுதி பக்கத்து மெத்தைக் கடையின் சுவரில் போய் முடிந்தது. மெத்தை வாங்க வந்தவர்கள் சிலர் மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்குச் சக்கை ஆபீஸ் என்று பெயர் வைத்தார்கள்.

திட்ட இயக்குநராக வந்தவர் நிலவழகன். ஒரு குளிர் நாட்டுக்குப் போய் ஒன்பது நாள் தங்கி, காபிச் சக்கையில் எடுத்த எண்ணெயில் ஓடும் பேருந்தைப் பார்த்துவிட்டு வந்தவர். ஏறிப் போகவில்லை, பார்த்தார். அதன் முன்னால் கம்பளிக் கோட்டோடு நின்று எடுத்துக்கொண்ட படம் அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அந்த நாட்டில் ஓர் ஆள் நாளைக்கு நாலு காபி குடிக்கிறான் என்று அங்கே கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது. நிலவழகன் அந்த நாலை மாவட்டத்தின் மக்கள்தொகையால் பெருக்கினார். பால்குடிப் பிள்ளைகளைக் கழிக்க வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு, "அவர்களும் வளர்வார்கள்" என்றார். வந்த எண்ணைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பயம் வந்தது. அடக்கமாக இருக்கட்டும் என்று, முதல் கட்டத்துக்குப் பதினொரு டன் சக்கை என்று எழுதி மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இந்த மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேர் டீ குடிக்கிறவர்கள் என்ற செய்தி அந்தக் கோப்பில் எந்தப் பக்கத்திலும் இல்லை. நிலவழகனுக்குக் காபியும் ஒத்துக்கொள்ளாது, டீயும் ஒத்துக்கொள்ளாது. அவர் வெந்நீர் குடிப்பார்.

மாசி மாதம் ஒருநாள் காலையில் அந்த முகமையின் கள அலுவலர் இலக்கியா, ஆரோக்கியம்மாள் கடைக்கு வந்தாள். பொன்னமராவதிப் பெண், வேதியியல் படித்தவள், ஒப்பந்த வேலை. காபி குடிக்கத்தான் வந்தாள். அடுப்பைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, இதுல என்னங்க எரியுது?"

"காபிச் சக்கைதான் ஆத்தா. மரத்தூளோட கலந்து போட்டிருக்கேன்."

"ஐயோ அம்மா! இதைத்தாங்க நாங்க செய்யப்போறோம்!"

"இதத்தான் நான் செஞ்சுக்கிட்டு இருக்கேனே."

இலக்கியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தகரக் கூரையைப் படம் எடுத்தாள், அடுப்பைப் படம் எடுத்தாள், ஆரோக்கியம்மாளை அடுப்போடு நிறுத்திப் படம் எடுத்தாள். எந்த இயந்திரமும் இல்லாமல் ஒரு பெண்மணி இதைச் செய்து காட்டியிருக்கிறார், இவரிடமிருந்து நாம் கற்க வேண்டும் என்று மூன்று பக்கம் மனசார எழுதி மேலே கொடுத்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'இலுப்பூர் ஆரோக்கியம்மாள் என்பவர் திட்டத்தின் மூலப்பொருளை அனுமதியின்றிப் பதினேழு ஆண்டுகளாக எரித்து அழித்துவந்தமை கள அலுவலரின் அறிக்கையால் அம்பலமாகியுள்ளது. எனினும் கருணை அடிப்படையில் நடவடிக்கை கைவிடப்பட்டு, மேற்படி ஆரோக்கியம்மாள் சேகரிப்பு மையம் எண் ஒன்றாக இதன்மூலம் அறிவிக்கப்படுகிறார். இனி மையம் சக்கையை எரிக்கவோ, கொட்டவோ, செடிகளுக்கு இடவோ கூடாது.'

ஆரோக்கியம்மாள் அதை ராக்கனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அவர் ரெண்டு தடவை வாசித்தார்.

"கடையையா மையம்ங்குறாங்க?"

"இல்ல தங்கச்சி. ஒன்னயத்தான் மையம்ங்குறாங்க."

மறுநாள் ஆறு நீல டிரம்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்கும் பூட்டு, பூட்டுக்கு அரக்கு முத்திரை. சாவி புதுக்கோட்டையில். மூடியில் மாதா கோயில் காணிக்கைப் பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு வாய் மட்டும் வெட்டியிருந்தது. அதன் வழியாகச் சக்கையைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். டிரம்களை வைக்க இடமில்லாததால் இரண்டு பெஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டார்கள். அடுப்புக்கு வெறும் மரத்தூள்தான் மிச்சம். அது பதினொரு மணிக்கே அணைந்துபோனது.

டிரம்களுக்குப் பின்னாலேயே படிவம் வந்தது. விஷயம் நியாயமானதுதான் என்று இலக்கியா தலையைக் குனிந்துகொண்டே விளக்கினாள். பயன்படுத்தப்பட்ட காபித்தூள் என்றால், அது பயன்படுத்தப்பட்டது என்பதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா? ஆகவே காபி குடிக்கும் ஒவ்வொருவரும் ச-3 படிவத்தை நிரப்ப வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், குடித்த நேரம், முழுவதும் குடித்தாரா, இல்லையென்றால் காரணம், சாட்சி ஒருவர் கையெழுத்து. முதல் தடவை மட்டும் ஆதார் நகல்.

அறந்தாங்கி பஸ்ஸுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஒரு வாய் காபி குடிக்க ஓடிவந்தவர்கள், சாட்சி தேடிக்கொண்டு பஸ் நிலையத்தைச் சுற்றினார்கள். ஒருவர் 'முழுவதும் குடித்தாரா' என்ற இடத்தில் 'இல்லை' என்றும், காரணம் என்ற இடத்தில் 'படிவம்' என்றும் எழுதிவிட்டுப் போனார். அந்த வாரத்திலேயே கூட்டம் பாதியாகக் குறைந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாகராசு வைத்திருந்த டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. நாகராசு நல்ல மனுஷன். கூட்டம் கூடியதற்கு அவன்தான் வெட்கப்பட்டான்.

"அக்கா, நான் யாரையும் கூப்புடலக்கா. அவுகளா வாராக."

"நீ என்னடா பண்ணுவ. டீக்குத் தகப்பன் பேரு கேக்க மாட்டாகள்ல."

ராக்கன் மட்டும் அசரவில்லை. நாலு வேளையும் வந்து, நாலு படிவத்திலும் கட்டை விரலை மையில் தோய்த்து அழுத்தினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். கைநாட்டு வைத்தால் சீக்கிரம் முடிகிறது என்றார்.

பங்குனியில் ஆறு டிரம்மும் நிறைந்துவிட்டன. ஈரச் சக்கை உள்ளேயே புளித்து, மூடியின் வாய் வழியாகக் கொசு மாதிரிச் சின்னப் பூச்சிகள் வரிசையாக வெளியேறின. கடைக்குள் காபி மணம் போய், ஊறவைத்த தோல் மாதிரி ஒரு வாடை நின்றது. ஆரோக்கியம்மாள் மத்தியானக் கடையை மூடிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

நிலவழகன் அவளை எழுந்து நின்று வரவேற்றார். "வாருங்கள் மையம் அவர்களே" என்றார்.

"சார், டிரம்ம எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க சார். பூச்சி வைக்குது. ஆளு உள்ள வரமாட்டேங்குது."

"எடுக்கத்தான் போகிறோம். வண்டி தயாராக இருக்கிறது." ஜன்னலைத் திறந்து காட்டினார். முற்றத்தில் பச்சை நிறத்தில் புது வண்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நின்றது. பழம் கறுத்துச் சுருங்கியிருந்தது.

"அப்ப அனுப்பலாமே சார்?"

"அம்மா, இந்த வண்டி காபிச் சக்கை எண்ணெயில் மட்டுமே ஓட வேண்டும். அது கொள்கை."

"சரிங்க. எண்ணெய் எங்கங்க?"

"எண்ணெய் உங்கள் கடையில் இருக்கும் சக்கையிலிருந்து வரவேண்டும்."

"சக்கைய எப்படி இங்க கொண்டுவாரது?"

"வண்டியில்தான்."

வண்டி, எண்ணெய், சக்கை என்று ஆரோக்கியம்மாள் விரல் மடக்கிப் பார்த்தாள். எங்கேயோ ஒரு படி தவறிவிட்டது, அது தன் தப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. தயங்கித் தயங்கி, "முதத்தடவை மட்டும் கொஞ்சம் டீசல ஊத்தி ஓட்டிட்டா...?" என்றாள்.

நிலவழகன் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "டீசலா! அம்மா, நாம் டீசலை ஒழிக்க வந்தவர்கள். என் உடம்பில் உயிர் உள்ளவரை அந்த வண்டிக்குள் ஒரு சொட்டு டீசல் போகாது." வாசலில் அவருடைய கார், அவர் ஏறும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்பதற்காக, அரைமணி நேரமாக எஞ்சின் ஓடியபடி நின்றுகொண்டிருந்தது.

அவள் ஊர் திரும்பிய வாரத்தில்தான் ஒரு புதுச் சிக்கல். டிரம் வாயிலிருந்து சாம்பிள் எடுத்துச் சோதித்தபோது அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு தேயிலைத் தூள் இருந்ததாம். காற்றில் பறந்து வந்திருக்கும் என்று இலக்கியா சொன்னாள். காற்று என்றால் அது எந்தத் துறையின்கீழ் வருகிறது என்று மேலே கேட்டார்கள். கடைசியில் நாகராசுவை உட்காரவைத்து, "உங்கள் தேயிலை ரோட்டைக் கடந்தது எப்போது?" என்று ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். இரண்டு கடைக்கும் நடுவே ரோட்டின் நெடுக வெள்ளைக் கோடு போட்டு, காபி ஒருபக்கம், டீ ஒருபக்கம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். திருச்சியிலிருந்து வந்த டிரைவர் ஒருவர் அந்தக் கோட்டைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் பயணிகளை இறக்குவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சித்திரை பிறந்ததும் சென்னையிலிருந்து தகவல் வந்தது. துறைச் செயலாளர் வைகாசி பத்தாம் தேதி வந்து ஆலையைத் திறந்துவைக்கிறார். ஆலை என்பது அன்னவாசல் போகும் ரோட்டில் மூடிக் கிடந்த பழைய அரிசி மில். அங்கே ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சக்கைதான் இல்லை. மாவட்டம் முழுக்க மற்ற மையங்களில் சேர்ந்தது எல்லாம் சேர்த்து நூற்று நாற்பது கிலோ. கோட்டைப்பட்டினத்து டிரம்மில் சக்கைக்குப் பதிலாக நெத்திலிக் கருவாடு இருந்தது. யாரோ பத்திரமாக இருக்கும் என்று போட்டுவைத்திருந்தார்கள்.

நிலவழகன் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் மூன்று லாரி நிறையப் புதுக் காபித்தூள் வந்து மில் வாசலில் நின்றது.

அவரே இலுப்பூருக்கு வந்து ஆரோக்கியம்மாளிடம் விளக்கினார். "விதி நான்கு என்ன சொல்கிறது? சக்கை என்பது வெந்நீர் கண்ட காபித்தூள். அவ்வளவுதான். மில்லில் நெல் அவிக்கும் தொட்டிகள் இருக்கின்றன. தூளைக் கொட்டி வெந்நீர் விட்டு வடித்துவிட்டால் பதினொரு டன் சக்கை தயார். டிகாஷன் இறக்குவதில் உங்கள் அனுபவம் எங்களுக்குத் தேவை."

"அந்த டிகாஷன யாருங்க குடிக்கிறது?"

"குடிக்க வேண்டும் என்று விதியில் இல்லை."

"அப்ப எங்கிட்ட மட்டும் படிவம் கேட்டீக?"

"அது கடைகளுக்கு. அரசு தனக்குத்தானே படிவம் கேட்டுக்கொள்வதில்லை."

ஆரோக்கியம்மாள் பூச்சி பறக்கும் டிரம்களைப் பார்த்தாள். "நான் வாரேன். ஆனா விழா முடிஞ்ச மறுநாளு இந்த ஆறும் இங்கிருந்து போயிரணும்." நிலவழகன் உடனே ஒப்புக்கொண்டார். அவர் எதையும் உடனே ஒப்புக்கொள்ளக்கூடியவர்.

மில்லில் முதல் மூட்டையைப் பிரித்தபோது எழுந்த வாசனையில் சுமைக்காரர்கள்கூட மூட்டையை இறக்கிவைத்துவிட்டு மூச்சை இழுத்தார்கள். முதல் தரத் தூள். பதினேழு வருஷத்தில் அப்படியொரு தூளை அவள் வாங்கியதே இல்லை. கரண்டியில் எடுத்து, விரலால் தலை தட்டி, ஒரு துணுக்கு கூடாமல் போட்டே பழகிய கை. அந்தத் தூளை ஆட்கள் மண்வெட்டியால் வாரித் தொட்டிக்குள் எறிந்தார்கள். அவள் உள்ளங்கையில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு, கீழே போடவும் மனசில்லாமல், வைத்துக்கொள்ளவும் முறையில்லாமல் நின்றாள். பக்கத்தில் நின்ற இலக்கியா வேறு பக்கம் பார்த்தாள்.

பிறகு வேலை நடந்தது. மூன்று நாள் தொட்டிகளில் வெந்நீர் விட்டார்கள். டிகாஷன் தொட்டிகளின் அடியில் இருந்த குழாய் வழியாக இறங்கி, மில்லுக்குப் பின்னால் வறண்டு கிடந்த வாய்க்காலில் ஓடத் தொடங்கியது. தண்ணீர் வந்து நாலு வருஷமான வாய்க்கால். முதல் நாள் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் பால் சட்டியும் சர்க்கரை டப்பாவுமாக வந்து கரையில் கல் கூட்டி அடுப்பு வைத்துவிட்டார்கள். எருமைகள் இறங்கிக் குடித்தன. அதன்பிறகு அவற்றைப் பிடித்துக் கட்ட ஆள் போதவில்லை. ராக்கன் மூட்டை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, டம்ளரால் மொண்டு பாலூற்றிக் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தார்.

"கொஞ்சம் லைட்டா இருக்கே தங்கச்சி."

"கீழ நின்னுக்கிட்டு மொண்டா அப்படித்தாண்ணே இருக்கும். மேக்கால போங்க, அங்கிட்டு ஸ்ட்ராங்கா வருது" என்றாள் ஆரோக்கியம்மாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நிலவழகன் மாடியிலிருந்து வாய்க்கால் கரைக் கூட்டத்தைப் பார்த்தார். "பொதுமக்களிடையே காபி விழிப்புணர்வு, மூவாயிரம் பேர் என்று எழுதிக்கொள்" என்று இலக்கியாவிடம் சொன்னார்.

வைகாசி பத்தாம் தேதி பந்தல், மேளம், ஆளுயரப் படங்கள். ஈரச் சக்கையை இயந்திரம் ஏற்காது, முதலில் உலர்த்த வேண்டும் என்பது அன்று காலையில்தான் தெரியவந்தது. இரண்டு டீசல் ஜெனரேட்டர்களை வரவழைத்து, விடிந்ததிலிருந்து சூட்டுக்காற்று அடித்தார்கள். வெளியே வெயில் நூற்றிநாலு டிகிரி. மில்லுக்கு முன்னால் ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்குச் சிமெண்டுக் களம் காலியாகக் கிடந்தது.

"ஆத்தா இலக்கியா, களத்துல பரப்பிவிட்டா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிருமே?" என்று ஆரோக்கியம்மாள் மெல்லக் கேட்டாள்.

"சார்கிட்டச் சொல்லிட்டேம்மா. திட்ட அறிக்கையில வெயில் இல்லைன்னுட்டாரு."

நிலவழகன் மேடையேறினார்.

"மாண்புமிகு செயலாளர் அவர்களே! இந்தத் திட்டத்தில் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று சிலர் பேசுகிறார்கள். ஆம், செய்யவில்லை! செய்வதற்கு நான் யார்? நான் திட்டமிட்டேன். ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க எத்தனை லிட்டர் டீசல் செலவானது என்று கேட்கிறார்கள். தாய் பிள்ளைக்குச் சோறூட்டும்போது பருக்கையை எண்ணுவாளா? நாளை இந்த உலகத்தில் டீசல் தீர்ந்துபோகும். அதைச் சீக்கிரம் தீர்ப்பதில் நம் மாவட்டமும் தன் பங்கைச் செய்திருக்கிறது!"

கைதட்டல் ஓய்வதற்குள் ராக்கனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். முந்நூற்று நாற்பத்தெட்டு காபி அருந்தி மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த சாதனைப் பயனாளி. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

ராக்கன் மைக்கைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "நாஞ் சும்மாதான்யா குடிச்சேன்" என்றார்.

செயலாளர் நெகிழ்ந்துபோனார். "சும்மா குடித்தேன் என்கிறார்! என்ன தன்னடக்கம்! நான் முப்பத்திரண்டு வருஷமாகப் பணியில் இருக்கிறேன். நானும் எதையும் எதிர்பார்க்காமல்தான் இருந்துவருகிறேன். எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் வரும் என்பதை இந்தத் துறை எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது" என்று பேசி அமர்ந்தார்.

பிறகு பொத்தானை அழுத்தினார். இயந்திரம் முக்கால்மணி நேரம் அதிர்ந்து, கடைசியில் ஒரு தலைவலித் தைலப் பாட்டில் அளவுக்குக் கறுப்பாக எண்ணெய் ஈன்றது. அதைச் செயலாளர் தலைக்குமேல் தூக்கிக் காட்ட, மேளம் முழங்கியது. முந்தின நாள் ஒரு டிராக்டரில் கட்டி இழுத்துவந்திருந்த பச்சை வண்டியில் எண்ணெயை ஊற்றினார்கள். வண்டி கனைத்தது, அசைந்தது, எல்லாரும் கூவ வாசல்வரை போனது. வாசலில் குறுக்காக நின்றது. செயலாளரின் கார் உள்ளேயும் ரோடு வெளியேயுமாக ஆகிவிட்டது. "பயணம் வெற்றி" என்று நிலவழகன் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்த் தள்ளினார். பதினாலு அலுவலர்கள் சேர்ந்து தள்ளினார்கள். மறுநாள் அறிக்கையில் வண்டி முற்றிலும் புகையில்லாமல் இயங்கியதாக இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் டிரம்முக்கு ஆள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆரோக்கியம்மாள் புதுக்கோட்டைக்குப் போனபோது நிலவழகன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். அவருக்குச் சென்னைக்குப் பதவி உயர்வு. இயந்திரத்தைக் கழற்றிப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பியாகிவிட்டது. அங்கே அடுத்த வாரம் திறப்பு விழா.

"சார், எங்கிட்ட வாக்குக் குடுத்தீகளே?"

"அம்மா, திட்டம் வெற்றிகரமாக முடிந்துவிட்டது. முடிந்த திட்டத்தின் மூலப்பொருளை யாரும் தொட முடியாது. தொட்டால் அது முடியவில்லை என்று ஆகிவிடும்."

"அப்ப எரிக்கவாச்சும் விடுங்க."

"மூலப்பொருளை எரிப்பதா? எரிபொருளுக்காக வைத்திருப்பதை எரித்தால் எரிபொருளுக்கு என்ன செய்வது?" அவர் குளிர் நாட்டுப் படத்தை ஆணியிலிருந்து இறக்கித் துண்டால் சுற்றிக்கொண்டார்.

அவள் படி இறங்கி வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் அழுகை வந்தது. அன்று சாயங்காலம் ராக்கனிடம், "சனிக்கிழமையோட கடைய மூடுறேண்ணே. தஞ்சாவூர்ல மக வீட்டுக்குப் போறேன்" என்றாள். ராக்கன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் இலக்கியா வந்தாள். அன்றோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதும் விடுவதும் அவள் கொடுக்கப்போகும் கடைசிப் படிவத்தைப் பொறுத்தது என்று சொல்லியிருந்தார்கள். அதில் மில்லில் கிடக்கும் பதினொரு டன்னும் கடையில் இருக்கும் ஆறு டிரம்மும் என்ன நிலையில் உள்ளன என்று ஒரே வார்த்தையில் எழுத வேண்டும்.

"என்ன எழுதணும்னு எதிர்பாக்குறாக?"

"'நன்று'ன்னு எழுதணும்மா. எழுதிட்டா எனக்கு வேலை நீடிக்கும். சக்கை இப்படியேதான் கிடக்கும்."

"வேற என்ன எழுதலாம்?"

இலக்கியா பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தாள். நாலு மாதமாகப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவள் வாசித்துக்கொண்டிருந்தது அதைத்தான். "விதி பதினாறு இருக்கு. பயனற்றதுன்னு கள அலுவலர் சான்று குடுத்த பொருளை, அந்த இடத்துலேருந்து யார் வேணும்னாலும் அப்புறப்படுத்தலாம்னு போட்டிருக்கு."

ஆரோக்கியம்மாளுக்கு உயிர் வந்தது. உடனே அடங்கியும் போனது. "வேணாம் ஆத்தா. ஒனக்கு வேலை போயிரும். நீ 'நன்று'ன்னே எழுதிட்டுப் போ. எனக்கு மக வீடு இருக்கு."

இலக்கியா நிமிர்ந்து டிரம்களைப் பார்த்தாள், அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தாள். மேசையில் இருந்த டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு, படிவத்தில் அழுத்தமாகப் 'பயனற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலைக் கிழித்து ஆரோக்கியம்மாள் கையில் கொடுத்தாள்.

"நானே முதமுதல்ல இதுபத்தி மூணு பக்கம் பாராட்டி எழுதினேம்மா. அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுச்சு. இந்த ஒரு வார்த்தைய எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது."

பத்து மணிக்குள் சேதி பரவிவிட்டது. நாகராசுதான் வெள்ளைக் கோட்டைத் தாண்டி முதலில் வந்து, கடப்பாரையால் பூட்டுகளை உடைத்தான். மில்லில் ராக்கனும் அவர் கூட்டாளிகளும் தொட்டிகளிலிருந்து சக்கையை அள்ளிக் களத்தில் பரப்பினார்கள். ஞாயிறு மாலைக்குள் பதினொரு டன்னும் காய்ந்து பொரிந்தது. செங்கல் சூளைக்காரர்கள் டிராக்டரோடு வந்தார்கள், ஓட்டல்காரர்கள் வந்தார்கள், மல்லிகைத் தோட்டக்காரர்கள் உரத்துக்கு வந்தார்கள். வீட்டு அடுப்புக்கு அள்ளிக்கொள்ளப் பெண்கள் அன்னக்கூடையோடு வரிசையில் நின்றார்கள். எப்படிக் கலப்பது, எவ்வளவு இறுக்கி அடைப்பது என்று ஆரோக்கியம்மாள் களத்தின் நடுவில் நின்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மூட இருந்த கடையை அவள் மூடவில்லை. மூட நேரமில்லை.

ஆடி மாதம் சென்னையிலிருந்து மூன்று பேர் கொண்ட ஆய்வுக்குழு வந்தது. வெற்றிகரமான திட்டம் ஒன்றில் பயனற்றது என்ற வார்த்தை எப்படிப் புகுந்தது என்று விசாரிக்க வந்தவர்கள். இலக்கியாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். நேராக மில்லுக்குப் போய்த் தொட்டிகளை எட்டிப் பார்த்தார்கள். கழுவிவிட்டதுபோல இருந்தன. ஒரு பிடிகூட இல்லை. கடைக்கு வந்து டிரம்களைத் தேடினார்கள். அவற்றில் ஆரோக்கியம்மாள் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள்.

"அம்மா, இங்கே இருந்த பயனற்ற பொருள் எங்கே?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"பயனில்லாததுன்னு எழுதிக் குடுத்தாகள்ல சார், அதான் ஊரே வந்து அள்ளிட்டுப் போயிருச்சு."

"ஊரே எடுத்துப் போனது என்றால் அது பயனுள்ளதாகத்தானே இருந்திருக்க வேண்டும்?"

"அப்படின்னா ஒங்க திட்டம் எண்ணெய் எடுத்தும் தீராத பயனுள்ள பொருள மாசக்கணக்குல அழுக விட்டுருக்குன்னு எழுதணுமே சார். எப்படி எழுதுறீக?"

குழுவினர் மூவரும் வெளியே போய் ரோட்டோரம் நின்று ஆலோசித்தார்கள். திரும்பி வந்து, 'பயனற்ற பொருள் காணாமல் போயுள்ளது. பயனற்றது என்பதால் இழப்பு ஏதுமில்லை. கள அலுவலரின் சான்று சரியே' என்று எழுதினார்கள். இலக்கியாவின் ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டிக்கவும் பரிந்துரைத்தார்கள். செய்வதற்கு வேலை எதுவும் இல்லாததால் அவரை விடுவிக்கக் காரணமில்லை என்று அதற்கு விளக்கமும் கொடுத்தார்கள்.

எழுதி முடித்துக் கையெழுத்திட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. குழுத் தலைவர் மூக்கை உறிஞ்சினார்.

"அம்மா, எங்களுக்கும் ஆளுக்கொரு காபி கிடைக்குமா?"

"கிடைக்கும் சார், ஒக்காருங்க. ஆனா ஒண்ணு" என்று டவராவை எடுத்துக்கொண்டே ஆரோக்கியம்மாள் சொன்னாள். "குடிச்சுட்டுச் சும்மா எந்திரிச்சுப் போகணும்."